கடைசியாக ஏறும் கண்டக்டர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் நலம், அங்கே நீ முழங்கால் உட்பட நலமாக இருக்க வேண்டும்.

உங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நீயும் அப்பாவும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்றுகூட இல்லை, மலை உச்சியில் நின்று எடுத்து அனுப்புங்கள் என்று கேட்டிருந்தாயே, நீ அனுப்பிய ஷூவை மாட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போனோம். எள் விழ இடமில்லை. முன்னால் போகிறவர்களின் குதிகாலையே பார்த்து ஏறியதில் மலை எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது, யார் யார் காலுறையில் ஓட்டை என்று கேள், சொல்கிறேன். உச்சிக்குச் சற்றுக் கீழே பாதை குறுகி, ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் முட்டிக்கொண்டு நின்றார்கள். ஓய்வு பெற்ற பிறகும் உன் அப்பா கண்டக்டர் விசிலைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார் அல்லவா, எடுத்து ஊதினார் பார், மலையே நின்றுவிட்டது. இறங்குறவங்களுக்கு முதல்ல வழி விடுங்க, பையை முதுகுல இருந்து கழட்டுங்க சார் என்று அவர் கத்த, அத்தனை பேரும் அடங்கிப்போனார்கள். ஒரு கண்ணாடிக்காரர் டிக்கெட் எங்க சார் வாங்கணும் என்று பயந்து கேட்டார். எங்கள் முறை வந்ததும் வாங்க என்று கையைப் பிடித்து இழுத்தேன். ஜனங்களுக்கு முன்னாடி கண்டக்டர் ஏறுவானாடி, நீ போ, எல்லாரும் ஏறட்டும், வரேன் என்கிறார். அந்தக் கூட்டம் என்றைக்கு ஏறி முடிப்பது? நான் மட்டும் ஏறி உச்சியில் ஒற்றைப் பனைமரம் மாதிரி நின்றேன். மேகம் கறுத்ததும் காவலாளி வந்து பாதையை அடைத்துவிட்டார். நீ கேட்டது ஒரே ஒரு படம், அதுவும் போச்சே என்று வாய்விட்டுப் புலம்பினேன். பக்கத்தில் நின்ற கூச்சக்காரப் பெண் ஒருத்தி விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஒரு பாறைமேல் ஏறி, கொஞ்சம் இடது பக்கம் நகருங்கம்மா, கீழ சார் தெரியுறார் என்றாள்.

அந்தப் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பூசணிக்காய் மாதிரி நிற்பது நான். என் தோளுக்குப் பக்கத்தில் கொசு அளவில் கை தூக்கி நிற்பவர் உன் அப்பா. உனக்குக் கை காட்டுகிறார் என்று பூரித்துவிடாதே, வரிசையில் புகுந்த ஒரு தடியரை நிறுத்துகிறார். இருந்தாலும் சேர்ந்துதான் நிற்கிறோம், சட்டம் போட்டு மாட்டு.

வேளைக்குச் சாப்பிடு, காலுறையை ஒருமுறை பார்த்துக்கொள். நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். அப்பாவிடம் பேசும்போது உச்சி எப்படி இருந்தது என்று மட்டும் கேட்காதே, அடுத்த வண்டியில் ஏறிக்கொள்வாராம்.

இப்படிக்கு,
விசிலைப் பிடுங்கி ஒளித்து வைத்திருக்கும்
உன் அம்மா