டிக்கியில் தையல் மிஷின் போகுமா?

ஜூன் 3, செவ்வாய்

காலை எட்டு மணிக்கே சட்டை நனைந்துவிட்டது. அக்னி நட்சத்திரம் முடிந்துவிட்டதாம், காலண்டரில் மட்டும்.

கடை திறக்குமுன் கார் ஷோரூம், பல கம்பெனி வண்டிகளும் ஒரே இடத்தில் விற்பது. இத்துடன் எத்தனை தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். ஏ.சி. ஜாஸ்தி, காபி சுமார், இடுப்பு வலி. இரண்டில் ஒன்று என்று வந்து நிற்கிறது. ஜெர்மன்காரன் வண்டி கருப்பு. ஸ்வீடன்காரன் வண்டி நீலம். இனிமேல் ஜெ., ஸ்வீ. முழுசாக எழுதக் கையில் தெம்பில்லை.

ஷோரூம் தம்பி விக்னேஷ் இரண்டையும் ஒரே வாயால் புகழ்கிறான்.

"அண்ணே, ஜெர்மன்ல உக்காந்தா ரோடே தெரியாதுண்ணே."

ரோடு தெரியாமல் எப்படித் தம்பி ஓட்டுவது என்றேன். சிரிப்பதா வேண்டாமா என்று மேனேஜர் முகத்தைப் பார்த்தான்.

எனக்கென்று கேட்டால் வண்டியே வேண்டாம். பழைய சின்னக் கார் ஓடுகிறது. பின் சீட் உறை கிழிந்து பஞ்சு தெரிகிறது, அவ்வளவுதான். ஆரப்பாளையத்தில் மோட்டாரும் குழாயும் விற்கிறவனுக்கு அது போதும். இது கவிதாவுக்காக. என் ஒரே தங்கச்சி. ஆவணியில் அவள் பிள்ளைகள் இரண்டுக்கும் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். சீரோடு போய் இறங்க வேண்டும். எதில் போய் இறங்குகிறோம் என்று ஊரே பார்க்கும்.

போன வருஷம் அவள் கொழுந்தன் பிள்ளைக்குக் குத்தினார்கள். அந்தப் பிள்ளையின் மாமன் வந்தது பெரிய வெள்ளை வண்டியில். பானெட்டில் மாலை, முன்னால் செண்டை மேளம், பின்னால் வெடி. அன்றைக்குத் திறந்தது கவிதாவின் மாமியார் வாய். "ஒங்கண்ணே எதுல வருவாரு, ஷேர் ஆட்டோவுலயா?" கவிதாவே போனில் சிரித்துக்கொண்டு சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 5, வியாழன்

கரண்ட் இல்லை. உசிலம்பட்டி ஆள் ஒருவர் எரிந்த மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து என்னைத் திட்டிவிட்டுப் போனார். அந்த மோட்டாரை நான் விற்கவே இல்லை.

இரண்டு வண்டியையும் ஒப்பிட்டு எழுதிப் பார்த்தேன்:
ஜெ. – பெயர் இருக்கிறது. ஊரில் எல்லோருக்கும் தெரியும்.
ஸ்வீ. – பாதுகாப்பு, முதுகுக்கு இதம். ஊரில் ஒருவருக்கும் தெரியாது.
ஜெ. – சர்வீஸ் செலவைக் கேட்டால் நெஞ்சு வலிக்கும்.
ஸ்வீ. – சர்வீஸ் சென்டர் மதுரையில் இல்லை. கோயம்புத்தூர்.

மத்தியானம் கவிதா போன் செய்தாள். எந்தக் கலர் பிடிக்கும் என்று கேட்டேன்.

"கலர் என்னமோ இருக்கட்டும்ணே. டிக்கி எம்புட்டுப் பெருசு?"

"பெருசுதேன். ஏன்?"

"சும்மாதேன் கேட்டேன். பின்சீட்ட மடக்கலாமா?"

மடக்கலாம் என்றேன். மகிழ்ச்சியாக இருந்தது. காரைப் பற்றி இவ்வளவு அக்கறையாக இந்த வீட்டில் வேறு யாரும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரி செல்வியிடம் கேட்டால் "ஒங்க இஷ்டம்" என்று பள்ளிக்கூட விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்கிறாள்.

ஜூன் 8, ஞாயிறு

விக்னேஷ் கே.கே. நகர் வீட்டுக்கே ஜெ. கொண்டுவந்தான், ஓட்டிப் பார்க்க. எங்கேயாவது தூரமாகப் போகலாமா என்றான். செக்கானூரணி தாண்டி கவிதா ஊர் வரை போய்விட்டோம். அவளிடம் காட்டிவிடலாம் என்று எனக்கொரு ஆசை. செல்வி வரவில்லை, தலைவலி.

தெருவே கூடிவிட்டது. கவிதாவின் புருஷன் பிரபு செங்கல் சூளையிலிருந்து பைக்கில் பறந்து வந்தான். நான் பேசுமுன் சாவியை வாங்கி, ஊரை இரண்டு சுற்று சுற்றினான். அவன் அப்பா முன்சீட்டில், வேட்டியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு. இறங்கியதும் என் தோளில் கை போட்டான்.

"மச்சான், கருப்பே எடுங்க. இத விட்டுறாதீக. அந்த வெள்ள வண்டிக்காரன் மூஞ்சியப் பாக்கணும் எனக்கு."

மாமியார் என்னைப் பார்த்துச் சிரித்ததை இன்றுதான் பார்க்கிறேன். மோர் தந்தார்கள். வடை வேறு.

கவிதா மட்டும் வண்டிக்குள் ஏறவில்லை. டிக்கியைத் திறக்கச் சொன்னாள். உள்ளே குனிந்து சாண் போட்டு அளந்தாள், அகலத்தில் ஒரு தடவை, நீளத்தில் ஒரு தடவை. எல்லோரும் சிரித்தார்கள். "ஒங்க தங்கச்சி தவிட்டு மூட்ட ஏத்தப் போறா போல" என்றான் பிரபு. நானும் சிரித்தேன். போட்டோ எடுத்தேன், செல்விக்குக் காட்ட.

இந்த வேக்காட்டில் முழுக்கை ஜாக்கெட் போட்டிருந்தாள். புது ஃபேஷன் போல.

ஜூன் 9, திங்கள்

ஜெ. என்று முடிவு. விக்னேஷுக்குச் சொல்லியாயிற்று. புதன் நல்ல நாள், அட்வான்ஸ். லோன் தாள்களில் கையெழுத்துப் போட்டுப் போட்டு என் கையெழுத்தே எனக்கு அந்நியமாகத் தெரிகிறது. முடிவு எடுத்தால் அலுப்பு தீரும் என்று நினைத்தேன். தீரவில்லை.

சாயங்காலம் கவிதா. எடுத்த எடுப்பில்:

"அண்ணே, அந்த டிக்கில தையல் மிஷின் போகுமா? அம்மா வாங்கிக் குடுத்தது."

"மேசையக் கழட்டுனாப் போகும். எதுக்கு, ரிப்பேரா?"

"ஆமாண்ணே. ரிப்பேருதேன்."

உள்ளே யாரோ வர, வைத்துவிட்டாள்.

ஜூன் 10, செவ்வாய்

சாப்பிடும்போது செல்வியிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். இத்தனை பெரிய வண்டியில் தையல் மிஷினை ரிப்பேருக்குக் கொண்டுபோகிற ஒரே ஆள் என் தங்கச்சியாகத்தான் இருப்பாள் என்றேன். செல்வி சிரிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து ஞாயிற்றுக்கிழமை போட்டோவைக் காட்டச் சொன்னாள். விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"ஏங்க, இந்த வெயில்ல எவளாவது முழுக்கை ஜாக்கெட் போடுவாளா?"

"ஃபேஷனு."

"கவிதாவுக்கா? பண்டிகைக்கே அரைக்கைதேன் தச்சுப் போடுவா. டிக்கிய அளக்குறா, சீட்டு மடங்குமான்னு கேக்குறா, மிஷினு போகுமான்னு கேக்குறா. அவ காரா பாக்குறா? வீட்டக் காலி பண்ணிட்டு வரப் பாக்குறா."

இட்லித் தட்டைத் தள்ளி வைத்தேன்.

மொட்டைமாடிக்குப் போய் போன் போட்டேன். நேராகக் கேட்டேன், பிரபு கை நீட்டுகிறானா என்று. அந்தப் பக்கம் குக்கரை அணைக்கிற சத்தம். பிறகு:

"ஆமாண்ணே."

"எம்புட்டு நாளா?"

"சின்னவ பொறந்ததுல இருந்து."

"ஏன்டி சொல்லல?"

"சொல்ல வாயத் தொறந்தா நீ கருப்பா நீலமான்னு கேக்குற. நான் என்னண்ணே சொல்ல?"

அழுதேன். எழுதிவைக்கிறேன், யார் படிக்கப் போகிறார்கள். அவள் தலை நிமிரட்டும் என்று, அவளை அடிக்கிறவனுக்குச் சாவியைக் கொடுத்துச் சுற்றிவர விட்ட மடையன் நான். அவன் சுற்றினான். நான் மோர் குடித்தேன்.

ஜூன் 11, புதன்

நல்ல நாளாம். அட்வான்ஸ் கொடுக்கவில்லை. விக்னேஷ் போன் வந்துகொண்டே இருக்கிறது, எடுக்கவில்லை.

பெரியப்பா மகன் முத்தையா அண்ணனிடம் மட்டும் சொன்னேன். "பொறுடா. காதுகுத்து முடியட்டும். பெரிய வண்டில போய் எறங்கு, மரியாதை தன்னால வரும், பய அடங்கிருவான்." நேற்று வரை நான் நினைத்ததைத்தான் அவர் சொல்கிறார். அவர் வாயில் கேட்டபோதுதான் எவ்வளவு கேவலமென்று தெரிந்தது. அவன் அடங்க மாட்டான். அடுத்தது அந்த வண்டியையே கேட்பான்.

வேலை ஒன்றும் ஓடவில்லை. முக்கால் அங்குலக் குழாய் கேட்டவருக்கு ஒரு அங்குலத்தை அறுத்துக் கொடுத்துவிட்டேன்.

செல்வி பின்னறையைக் காலி செய்துவிட்டாள். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை நான். கட்டிலுக்குப் பக்கத்தில் ஜன்னலோரமாக ஓரிடம் விட்டிருக்கிறாள். மிஷினுக்காம், வெளிச்சம் வேண்டுமாம்.

ஜூன் 15, ஞாயிறு

போய் வந்தாயிற்று. உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல். இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

பழைய காரில் நானும் செல்வியும். வாசலில் நிறுத்தினேன். பிரபு சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தான். என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தான்.

"வண்டி எங்க மச்சான்?"

"இதாம் மாப்ள வண்டி. கவிதாவக் கூப்பிட வந்தோம்."

கூப்பிடத் தேவையே இருக்கவில்லை. நேற்றே அவளிடம் போனில் சொல்லியிருந்தேன். இரண்டு பை, பள்ளிக்கூடப் பை இரண்டு, பிள்ளைகள் செருப்பு போட்டு ரெடி. மிஷின் தலையை அவளே கழற்றிப் பழைய சேலையில் சுற்றி வைத்திருந்தாள்.

அவன் அப்பா திட்டினார். "பொம்பளப் புள்ளய இப்பிடிக் கூட்டிட்டுப் போனா ஊரு என்ன பேசும்?" நான் படியேறி அவர் முன்னால் போய் நின்றேன். கோபமா பயமா தெரியவில்லை. உங்கள் மகன் கையைப் பற்றி ஊர் என்ன பேசியது மாமா என்றேன். பிரபு தலையைச் சொறிந்தான்.

"ஏதோ கோவத்துல ஒரு தடவ..."

"ஒரு தடவயா?" என்றாள் கவிதா. ஜாக்கெட் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, கன்றிப்போன இடங்களைக் காட்டினாள்.  அடுத்த வீட்டு அம்மா "அடப்பாவி" என்றது கேட்டது.

மாமியார் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். காதுகுத்துக்குப் பத்திரிகை அடிக்கக் கொடுத்தாயிற்றே, ஆட்டுக்குச் சொல்லியாயிற்றே என்று. செல்வி வகுப்பறைக் குரலில் சொன்னாள்: "காதுகுத்து எங்க கோயில்ல நடக்கும்ங்க. வர்றவுக வரலாம்."

மிஷினின் இரும்புக் கால் டிக்கியில் அடங்கவில்லை. கதவைக் கயிறு போட்டுக் கட்டினேன். மிஷின் தலை செல்வி காலடியில், பிள்ளைகள் செல்வி மடியில். கவிதா முன்சீட்டில். செக்கானூரணி தாண்டினோம். ரயில்வே கேட்டில் நின்றபோது சின்னவள் கேட்டாள்: "மாமா, பெரிய கார எங்க வச்சிருக்க?" கவிதாதான் முதலில் சிரித்தாள். சிரிப்பு அழுகையாகிவிட்டது. கேட் திறந்து பின்னால் ஹாரன் அடித்தும் வண்டியை எடுக்க முடியவில்லை எனக்கு.

ஜூன் 17, செவ்வாய்

லேசான தூறல். தூறலா, மாடி டேங்க் வழிகிறதா தெரியவில்லை. பார்க்க வேண்டும்.

முத்தையா அண்ணன் நேற்று வந்து உட்கார்ந்து, பிள்ளைகளுக்குப் பிஸ்கட் கொடுத்துவிட்டுப் போனார். போலீசில் எழுதிக் கொடுப்பது கவிதா முடிவு என்று செல்வி சொல்லிவிட்டாள். யோசிக்கிறேன் மதினி என்கிறாள் அவள். யோசிக்கட்டும். பள்ளிக்கூட டி.சி. வாங்க வேண்டும். அதற்கு அந்த ஊருக்கு இன்னொரு தடவை போக வேண்டும். நினைத்தாலே அலுப்பு.

விக்னேஷ் போனை எடுத்தேன், பாவம்.

"அண்ணே, ஜெர்மனா ஸ்வீடனா, எது ஃபைனல்ணே?"

"ரெண்டும் வேணாம் தம்பி. வேல முடிஞ்சிருச்சு."

கடைக்குக் கிளம்பினால் காரில் பின் சீட் மொட்டையாகக் கிடக்கிறது. உறையைக் காணோம். பின்னறையில் மிஷின் ஓடும் சத்தம். கவிதா கிழிந்த உறையை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருக்கிறாள். அரைக்கை ஜாக்கெட். காயம் மஞ்சளாகிவிட்டது, ஆறுகிறது. அவளும் மறைக்கவில்லை, நானும் பார்வையைத் திருப்பவில்லை.

எதற்கு இப்போது இது என்றேன். ஊசியிலிருந்து கண் எடுக்கவில்லை.

"காதுகுத்துக்குப் போற வண்டியாச்சேண்ணே."

சரி என்றேன். கடைக்குப் பஸ்ஸில்.