மூன்று வருட வாரண்டி

மோதி பாக்,
4 ஜூன் 2006

என் கண்ணு கதிரவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அனுப்பிய ஈ-மெயிலை மாடி வீட்டு சிந்து பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். அப்பாவுக்கு ஒரு லேப்டாப் வாங்க வேண்டும், என்ன பார்த்து வாங்குவது என்று ஒரு வார்த்தை கேட்டால், பரீட்சைக்கு நோட்ஸ் மாதிரி இரண்டு பக்கம் அனுப்பியிருக்கிறாய். பிராசஸர், ராம், ஹார்ட் டிஸ்க், பேட்டரி, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். மத்தியானம் கரண்ட் போனதும் பால்கனியில் உட்கார்ந்து, அந்தக் காகிதத்தாலேயே விசிறிக்கொண்டு படித்தேன். அமெரிக்காவுக்குப் போய் ஆறு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் எங்களுக்குப் பாடம் நடத்துகிறாய். நடத்து நடத்து.

நேற்று நேரு பிளேஸில் கம்ப்யூட்டர் கடைகளுக்குப் போனோம். வெயில் மண்டையைப் பிளந்தது. ஆட்டோவிலிருந்து அப்பாவை இறக்கி, படி ஏற்றி, கடைகடையாக நடத்திக் கூட்டிப்போவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. உன் லிஸ்ட்டை எந்தக் கடையிலும் அவர் எடுக்க விடவில்லை. முப்பது வருடம் ஸ்டெனோவாக இருந்த ஆள் அல்லவா? மூடியைத் திறந்ததும் விலை கேட்பதில்லை, கம்பெனி கேட்பதில்லை. விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக அழுத்திப் பார்க்கிறார். அங்கிள்ஜி ஹார்மோனியம் வாங்க வந்தாரா என்று ஒரு கடைக்காரன் என்னைக் கேட்டான். முறைத்தேன்.

கடைசியில் ஒரு சின்னக் கடையில், மூலையில் கிடந்த பழைய ஸ்டாக் ஒன்றைப் பிடித்துக்கொண்டார். கையகல மெஷின், எடையே இல்லை. எழுத்தைத் தொட்டாலே போதும், அமுங்குகிறது. இதுதான் என்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் உன் காகிதத்தைப் பிரித்துப் பார்த்தேன். ராம் 256தான். 512-க்கு மேல் ஏற்றவே முடியாதாம். பிராசஸர் போன தலைமுறை. இப்படிப்பட்டதைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள் என்று நீயே கோடு போட்டு எழுதியிருந்தாய். விலை என்னவோ குறைவுதான். ஆனால் நாம் வாங்கப்போவது ஒரே ஒரு தடவை. இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் உர்ரென்று இருந்தார்.

இந்த மாதமே வாங்கு என்று ஒற்றைக் காலில் நிற்கிறார், என்ன அவசரமோ. நம் பட்ஜெட் நாற்பத்தைந்தாயிரம். அதற்கு மேல் ஒரு ரூபாய் முடியாது. வேறு செலவுகளும் இருக்கின்றன. இப்போதே வாங்கவா, பொறுக்கவா? நீ சொன்னால் சரி.

அப்பாவின் தொண்டைக் கட்டு இன்னும் விடவில்லை, அதனால்தான் போனில் பேசுவதில்லை. மற்றபடி ஒன்றுமில்லை. சட்டைப் பொத்தானைக்கூட நான்தான் போட்டுவிடுகிறேன். அவ்வளவு சோம்பேறி ஆகிவிட்டார். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அம்மா,
அம்சவேணி


மோதி பாக்,
26 நவம்பர் 2006

கதிரவா,

இதை மாடியில் சிந்து வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். கீழே எழுதினால் அப்பா பார்ப்பார், போனில் சொன்னால் கேட்பார். இரண்டு அறை குவார்ட்டர்ஸில் ரகசியம் பேச இடம் ஏது? தமிழ்ப் பள்ளியில் எட்டாவது வரை படித்த தமிழ் மறந்திருந்தால் மெதுவாகப் படி. ஆனால் கடைசி வரை படி. உட்கார்ந்து படி.

அப்பாவுக்குத் தொண்டைக் கட்டு இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. மார்ச் மாதமே பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நரம்பு வியாதி. கை, நாக்கு, கால் என்று ஒவ்வொன்றாக நின்றுகொண்டே வருமாம், மருந்து கிடையாதாம். எவ்வளவு நாள் என்று நான் கேட்டேன். இரண்டு வருடம், சிலருக்கு அதுவும் இல்லை என்று அந்த டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். முதல் வருடம் முடியாமல் நீ ஊருக்கு வந்தால் விசா சிக்கலாகிவிடும் என்று சொல்லியிருந்தாய் அல்லவா? அதை நினைத்து, உன்னிடம் மூச்சு விடக்கூடாது, வா என்று கூப்பிடக்கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கினார். அப்போது நாக்கு குழறிக் குழறியாவது பேசிக்கொண்டிருந்தார். அதனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உனக்குப் பொய் சொன்னேன். மலை மந்திர் கோயிலுக்குப் போயிருக்கிறார், தூங்குகிறார், குளிக்கிறார். ஒரு மனுஷன் எத்தனை தடவைதான் குளிப்பார்? நீயும் நம்பினாய்.

இப்போது புரிகிறதா, எதற்கு லேப்டாப் என்று? பேனா பிடிக்க வரவில்லை. பேச்சு போகப்போகிறது என்று தெரிந்துவிட்டது. விரல் அசையும்வரை அடித்துக் காட்டலாம், தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் அடித்தால் அம்சா படித்துக்கொள்வாள் என்பது அவர் யோசனை. அதனால்தான் எழுத்துகளை அழுத்தி அழுத்திப் பார்த்தார். அவருக்கு ராமும் வேண்டாம், டிஸ்க்கும் வேண்டாம். தொட்டால் அமுங்குகிற எழுத்து வேண்டும், மடியில் கனக்காத மெஷின் வேண்டும், அன்றைக்கே வேண்டும். அந்தக் கடையில் அவர் கையை நான்தான் பிரித்து எடுத்தேன்.

தீபாவளி வரை பொறுங்கள், டூயல் கோர் விலை இறங்கும், அவசரப்பட்டு குப்பையை வாங்காதீர்கள் என்று நீ எழுதினாய். அதில் ஒரு தப்பும் இல்லை. சிந்துகூட அதையேதான் சொன்னாள். உண்மையை மறைத்துவிட்டு உன்னிடம் யோசனை கேட்டவள் நான். உன் மேல் பழி போட இதை எழுதவில்லை. ராத்திரி பகலாக அதை நினைத்து நீ வேகக்கூடாது, கேட்டாயா?

எனக்கு வியாதி தெரியும். தெரிந்தும் ஏன் பொறுத்தேன் என்றால், சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஐந்து வருடம் உழைக்கிற மெஷினாக வாங்கினால் அவரும் ஐந்து வருடம் இருப்பார் என்று மண்டைக்குள் ஒரு கிறுக்கு. அந்தப் பழைய ஸ்டாக்கை வாங்கினால், இவருக்கு இது போதும் என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடாதா? ஜூலை போனது, ஆகஸ்ட் போனது. அவர் காலண்டரைக் கண்ணால் காட்டுவார். இன்னும் கொஞ்சம் விலை இறங்கட்டும் என்பேன். பாவி நான்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் வாங்கினேன். உன் லிஸ்ட்டில் இருந்தபடியே, ஒன்று விடாமல். டூயல் கோர், 512 ராம், 80 ஜிபி, டிவிடி ரைட்டர். ராமுக்கு இன்னொரு ஸ்லாட் காலியாக இருக்கிறது, ஆன்ட்டிஜி, இரண்டு வருடம் கழித்துக் கொண்டு வாருங்கள், பெரிசாகப் போட்டுத் தருகிறேன் என்றான் கடைக்காரன். அச்சா என்றேன். வாரண்டி ஒரு வருடமா, கொஞ்சம் கூடக் கொடுத்து மூன்று வருடமா என்று கேட்டான். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மூன்று என்றேன்.

வீட்டுக்கு வந்து அவர் மடியில் வைத்தால் கனம் தாங்கவில்லை. தலையணை மேல் வைத்தேன். வலது கையைத் தூக்கி எழுத்துகள் மேல் நான்தான் வைத்தேன். அழுத்துகிறார், அமுங்கவில்லை. நெற்றியெல்லாம் வியர்க்கிறது, ஒரு எழுத்து அமுங்கவில்லை. நிமிடத்துக்கு நூற்றிருபது வார்த்தை சுருக்கெழுத்தில் எடுத்த கை. மறுநாள் காலையிலேயே தனியாக அந்தச் சின்னக் கடைக்கு ஓடினேன். அது ஜூலையிலேயே போய்விட்டது, அந்த மாடல் இனி வராது என்றான். அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவன் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தான்.

கீழே நீளமாக ஒரு பட்டன் இருக்கிறதே, வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவே இடம் விடுவதற்கு, அது ஒன்றுதான் அவர் கட்டைவிரலுக்கு அமுங்குகிறது. தினமும் சாயங்காலம் மெஷினைத் திறந்து முன்னால் வைக்கச் சொல்லிக் கண் காட்டுகிறார். திரையில் அந்தச் சின்னக் கோடு நகர்ந்து நகர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டே அழுத்துகிறார். பக்கம் பக்கமாக வெள்ளை. என்ன சொல்ல நினைக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை, கதிரவா. முப்பது வருடம் குடித்தனம் நடத்தியும் தெரியவில்லை. மூடப்போனால் சேமிக்கவா என்று மெஷின் கேட்கிறது. ஆமாம் என்பதை அழுத்திவிட்டு மூடுகிறேன். இதுவரை முப்பத்தேழு ஃபைல் சேர்ந்திருக்கிறது.

போன வாரத்திலிருந்து கஞ்சியும் சரியாக இறங்கவில்லை. டாக்டரம்மா சொன்ன கணக்கெல்லாம் தப்பாகிவிடும் போலிருக்கிறது. ஜனவரியில் உனக்கு ஒரு வருடம் முடியும், அதற்குப் பிறகு வரலாம் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன். வா என்று நான் எழுதவில்லை. சத்தியத்தில் அந்தப் பாதியையாவது காப்பாற்றுகிறேன்.

ஒன்று மட்டும் செய். வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. உனக்கு விஷயம் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே, அழாதே. ரிசீவரை அவர் காதில் வைக்கிறேன். காது கெடாதாம், கடைசி வரைக்கும் நன்றாகக் கேட்குமாம். பதில் வராது. மூச்சுச் சத்தம்தான் வரும். லைன் கட்டாகிவிட்டது என்று வைத்துவிடாதே. ஹலோ ஹலோ என்று கத்தாதே. நீ பாட்டுக்குப் பேசிக்கொண்டே இரு. என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் அந்த மெஷினைப் பற்றியே பேசு. இன்னும் இரண்டு வருடத்தில் என்னென்ன வரும், அந்தக் காலி ஸ்லாட்டில் எவ்வளவு பெரிய ராம் போடலாம் என்று அப்பாவுக்கு விவரமாகச் சொல்லு.

நீ நூறு வருஷம் நன்றாக இருக்கவேண்டும்.

உன் அம்மா,
அம்சவேணி