அக்கி என்று நான் சொன்னது

அண்ணி,

இன்று காலை என் மகனின் காலில் நர்ஸ் பெண் பேனாவால் கோடு போட்டாள். கொசு கடித்ததைச் சொறிந்து, கணுக்கால் வீங்கிச் சிவந்திருந்தது. சிவப்பின் ஓரமாக வரைந்துவிட்டு, "இந்தக் கோட்டத் தாண்டி செவந்தா ஒடனே சொல்லுங்க" என்றாள். எனக்கு உங்கள் கால்தான் கண்ணில் நின்றது.

அறுபதுகளில் ஒரு தை மாதம். நான் கல்யாணமாகிச் சிதம்பரத்துக்கு வந்து ஆறு மாதம். உங்கள் காலில் முள் குத்திய இடம் சிவந்து, இரண்டு கொப்புளமும் கிளம்பியிருந்தது. நான் பெரிய வைத்தியச்சிபோல, "இது அக்கிதான், எங்க ஊர்ல எத்தன பேருக்குப் பாத்துருக்கேன்" என்று அடம்பிடித்தேன். டாக்டரிடம் போகலாம் என்றார் உங்கள் தம்பி. நான் என் வீட்டுக்காரர் பேச்சை என்றைக்குக் கேட்டேன்? அக்கிக்கு எழுதும் குயவரை நானே அழைத்து வந்தேன். என் பேச்சை நம்பி அவரும் செங்காவியைக் குழைத்துச் சிவப்பின் மேல் சிங்கம் எழுதினார். மூன்று நாள் எழுத வேண்டும், தண்ணீர் படக்கூடாது. நீங்கள் காலைத் திருப்பிப் பார்த்து, "இந்தச் சிங்கம் என் தம்பி ஜாடையில இருக்குடி" என்று சிரித்தீர்கள்.

மறுநாள் குயவர் சேத்தியாத்தோப்பு சந்தைக்குச் சட்டி ஏற்றிப் போய்விட்டார். மூன்றாம் நாள் வந்தவர், காலைப் பார்த்ததும் காவிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"இது அக்கி இல்லம்மா. நான் எழுதுனதத் தாண்டி தொட வரைக்கும் செவந்துருக்கு. கொதிக்குது. அவுங்கள ஒடனே கடலூர் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போங்க."

பஸ்ஸில் குளிர்ஜுரத்தில் நடுங்கியபடி என் தோளில் சாய்ந்திருந்தீர்கள். தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்தது. டாக்டர் காவியைத் துடைத்துவிட்டு, "இன்னும் ஒரு நாள் விட்டுருந்தா காலையே எடுத்துருக்கணும். யாரு இத எழுதச் சொன்னது?" என்று சத்தம் போட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"நாந்தான் டாக்டர். இவ வேணாம்னுதான் சொன்னா."

பென்சிலின் ஊசி போட்டுப் பதினைந்து நாளில் நடந்தீர்கள். சாகும்வரை ஒருநாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை.

இப்போது வீட்டில் யாருக்குச் சிவந்தாலும் புறங்கையை வைத்துப் பார்க்கிறேன். சுடுகிறதா, நேற்றைவிடப் பரவியிருக்கிறதா, வீக்கம் கூடியிருக்கிறதா, ஜுரம் உண்டா என்று கேட்டு நச்சரிக்கிறேன். பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

ஒன்றை மட்டும் உங்களிடம் சொல்லாமலே இருந்துவிட்டேன். அந்த இரண்டாம் நாள் மத்தியானம், நீங்கள் தூங்கும்போது காலைத் தொட்டுப் பார்த்தேன் அண்ணி. அனலாய்க் கொதித்தது. சொன்னால் நான் தோற்றுப்போவேன் என்று, போர்வையை இழுத்து மூடிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.