அன்னம்மா பறிக்காத பச்சைக்காய்

என்னைப் பெற்ற அம்மாவுக்கு,

உன் கொள்ளுப்பேரன் சேலத்தில் பல் டாக்டராகிவிட்டான். அவன் தங்கை கோயம்புத்தூரில் பேங்க் வேலைக்குப் போகிறாள். என் மகள் வயிற்றுப் பேத்தி மலர் வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழ் எழுதுகிறாள். பேச்சு அவர்கள் பாஷையில் வரும், கீழே இவள் தமிழ் ஓடும். ஐந்தாவது வரை நீ என்னைப் படிக்க வைத்தாயே, அது போன வாரம் உதவியது.

அவள் போட்டுக் காட்டியது பழைய ஜப்பான் படம். கறுப்பு வெள்ளை. சண்டை முடிந்த காலம், புருஷன் திரும்பவில்லை. பர்மாச் சண்டைக்குப் போன அப்பாவைப் போலத்தான். அந்த அம்மா கூலிக்குப் போகும் இடத்தில் மகள் ஒரு தப்புச் செய்துவிடுகிறாள். பழி அம்மாவின் மேல் விழுகிறது. அவள் இடுப்பு வளைய மன்னிப்புக் கேட்கிறாள், மகள் வாய் திறக்காமல் நிற்கிறாள்.

"என்னம்மாயி, இப்படி அழுவுற?" என்றாள் மலர்.

"எழுத்து நொம்ப வேகமா ஓடுது கண்ணு, படிக்க முடியல."

"அந்தப் புள்ள ஒண்ணுமே பேசலியே! என்னத்தப் படிச்ச நீ?"

அம்மா, அன்றைக்குக் காப்பி எஸ்டேட்டில் பழம் குறைவு. உன் கூடை பாதிகூட நிறையவில்லை. பக்கத்து வரிசை அன்னம்மாவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நீ தண்ணீர் குடிக்கப் போனாய். அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பறித்துக்கொண்டிருந்தாள். உன் கூடை நிறையட்டும் என்று கைக்கு எட்டிய பச்சைக்காயையெல்லாம் உருவி அடியில் போட்டு, மேலே பழத்தைப் பரப்பினேன். எனக்கு எட்டு வயது. பச்சைக்காய் பறித்தால் வேலையை நிறுத்துவார்கள் என்பது தெரியாது.

சாயங்காலம் கணக்கெழுதும் ரைட்டர் கூடையைக் கவிழ்த்தார். "இதென்ன, பாதி பச்சையா இருக்குது?"

"ஏனுங்க, சத்தியமா நான் பறிக்கலீங்க."

ஒரு வாரம் வேலைக்கு வராதே என்று அனுப்பிவிட்டார். வழியிலேயே அன்னம்மாவைப் பிடித்துக்கொண்டாய். "தெரியாம உருவுன காயை எங்கூடையில தள்ளிட்டியாடி?"

"ஏனக்கா, என் கஞ்சியில பாதி உம்புள்ளைக்கு ஊத்துறவ நானு. எம்மேலயா சந்தேகம்?"

உன் சேலையைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அதற்கப்புறம் நீ அவளிடம் பேசவே இல்லை. கிறிஸ்துமஸுக்கு அவள் கொண்டுவந்த பலகாரத்தை வாசலோடு திருப்பி அனுப்பினாய். அவள் சாவுக்கும் போகவில்லை. எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாமே?

கடைசியில் நீ படுக்கையில் கிடந்தபோது, உன் காலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "எல்லாம் மறந்துட்டேன் கண்ணு. அன்னம்மா செஞ்சதுதான் மறக்கல" என்றாய். துணியைப் பிழிந்து மறுகாலைத் துடைத்தேன். சாகிற நேரத்தில் உன்னை வருத்தப்படுத்த வேண்டாமென்றுதான் சொல்லவில்லை என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். பயந்தேன். பெற்ற மகளையே நீ வேறு மாதிரிப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடுவாயோ என்று பயந்தேன்.

அன்னம்மாவின் மகள் ரோசி நாகலூரில் இருக்கிறாள். பஸ்ஸில் பார்த்தால் இன்றைக்கும் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். அவளுக்கு அவள் அம்மா என்ன சொல்லி வளர்த்தாளோ?

ஞாயிற்றுக்கிழமை அவள் வேதக்கோயில் விட்டு வரும் நேரத்துக்கு அவள் வீட்டு வாசலில் போய் நிற்பேன். மலரைக்கூடக் கூட்டிப்போக மாட்டேன். உட்காரச் சொன்னாலும் சரி, வெளியே போ என்றாலும் சரி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் திரும்புவேன். இது சத்தியம் அம்மா.

பச்சைக்காயைப் போட்டவள்,
உன் மகள் ராசம்மா