காலியாக விட்ட கட்டம்

மார்ச் 3

என்னங்க,

நலமா? இருமல் விட்டதா என்று கேட்க மாட்டேன். கேட்டால், "ஆஸ்பத்திரிப் புத்தியை என்கிட்ட காட்டாதே" என்பீர்கள். நான் சௌக்கியம். மருந்து கவுண்டரில் அதே வரிசை, அதே கேள்வி: "அக்கா, இது சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

சோலார் பேனல் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். மொட்டை மாடியில் டேப் பிடித்து அளந்துவிட்டு, "ஆறே வருஷத்துல போட்ட காசு திரும்பிடும் மேடம், அப்புறம் எல்லாம் ஓசிதான்" என்றாள். விலை என் பத்து மாதச் சம்பளம். வீடு இருவர் பேரிலும் இருப்பதால் உங்கள் கையெழுத்தும் வேண்டுமாம். கையெழுத்தைவிட உங்கள் கணக்குதான் எனக்கு வேண்டும். முப்பது வருஷம் வீடு வீடாக மீட்டர் ரீடிங் எடுத்தவர் நீங்கள். பன்னிரண்டு மாத பில்லையும் இத்துடன் வைத்திருக்கிறேன், எப்படியும் கேட்பீர்கள்.

நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது காரியத்துக்காக எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். போனில் பேசினால் சண்டை வந்துவிடும்.

இப்படிக்கு,
நீங்கள் பேர் வைத்த
மாத்திரை

மார்ச் 11

மாத்திரைக்கு,

ஓசி என்று யார் சொன்னாலும் முதலில் பர்ஸைப் பிடித்துக்கொள்.

பில்களைப் பார்த்தேன். சந்தேகம் வந்து மீட்டர் நம்பரையும் பார்த்தேன். நம் வீட்டு மீட்டர்தான். மாதம் ஐம்பத்திரண்டு யூனிட்! உன் பின்னாலேயே வந்து சுவிட்ச் சுவிட்சாக நான் அணைத்த காலத்திலும் நூற்றுப்பத்துக்குக் கீழே இறங்காத வீடு அது. "நீங்க இல்லேன்னா இந்த வீட்டுல வெளிச்சமாவது இருக்கும்" என்று அன்றைக்கு நீ சொன்னாய். அதைக் கேட்டுத்தானே நான் கிளம்பினேன்? இப்போது இருட்டிலா உட்கார்ந்திருக்கிறாய்?

கணக்குக்கு வருகிறேன். மாதம் இருநூற்றைம்பது யூனிட் ஆகிற குடும்பத்துக்குப் போட்ட கணக்கை அந்தப் பெண் உனக்கும் ஒப்பித்திருக்கிறாள். பேனல் கரண்ட் தருவது பகலில். பகலில் நீ கவுண்டரில் நிற்கிறாய். வீட்டில் ஓடுவது ஃபிரிட்ஜ் ஒன்றுதான். மிஞ்சியதை லைனுக்கு அனுப்பினால் கால் விலைதான் தருவார்கள். நடுவில் இன்வெர்ட்டர் வேறு ஒருமுறை மாற்ற வேண்டும். எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் இருபது வருஷம் ஆகும். கட்டுபடியாகாது, விட்டுவிடு.

ரீடிங்

மார்ச் 20

என்னங்க,

இருட்டில் ஒன்றும் இல்லை. சமையலறையில் ஒரு லைட் போடுகிறேன். அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே ரேடியோ கேட்டுவிட்டுப் படுக்கப் போகிறேன். ஹாலில் லைட் போட்டால் உங்கள் நாற்காலி தெரிகிறது. அதைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார என்னால் முடியவில்லை. அன்றைக்கு நான் கோபத்தில்தான் சொன்னேன், இல்லையென்று சொல்லவில்லை. ஒரு நாள் கோபத்தை இப்படி இரண்டு வருஷத்துக்கு இழுப்பீர்கள் என்று யார் கண்டது?

பக்கத்து வீட்டம்மா நேற்று கேட்டார்: "ஊர்ல இல்லையா நீங்க? ஒரு வாரமா வீடே இருட்டாக் கிடக்கே." நான் ஊரில்தான் இருந்தேன்.

ஒரு சந்தேகம். பகலில் வீட்டில் இன்னொரு ஆள் இருந்தால்? ரிட்டயர் ஆன ஒருவர் என்றே வைத்துக்கொள்ளுங்களேன். ஃபேன் ஓடும், டி.வி. ஓடும், மோட்டாரையும் வாஷிங் மெஷினையும் மத்தியானத்திலேயே போடலாம். அப்போது எத்தனை வருஷம்?

மாத்திரை

ஏப்ரல் 2

மாத்திரைக்கு,

பதினொரு வருஷம். இரண்டு பேர், அதில் ஒருவர் பகல் முழுக்க வீட்டில் என்று வைத்து மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். பேனல் இருபத்தைந்து வருஷம் உழைக்கும் என்கிறார்கள். இப்படியென்றால் தாராளமாகப் போடலாம்.

நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். என் அறை சைக்கிள் கடைக்கு மேலே. கரண்ட் வாடகையோடு சேர்த்தி. சாயங்காலம் நடக்கப் போகும்போது லைட்டைப் போட்டுவிட்டுத்தான் போகிறேன். ஆமாம், நானேதான்! திரும்பி வரும்போது ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தால் உள்ளே யாரோ இருக்கிற மாதிரி இருக்கிறது. சிரிக்காதே. "பெரியவரே, லைட்ட அணைக்க மறந்துட்டுப் போறீங்க" என்று கடைக்காரர் தினமும் சொல்கிறார். வயசாயிடுச்சுப்பா என்று சமாளித்துக்கொண்டிருக்கிறேன்.

ரீடிங்

ஏப்ரல் 9

என்னங்க,

சிரிக்கவில்லை. அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு அழுதேன்.

விண்ணப்பப் படிவம் இத்துடன். எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன், ஒரு கட்டத்தைத் தவிர. 'வீட்டில் வசிப்பவர்கள் எத்தனை பேர்' என்று கேட்டிருக்கிறார்கள். அதை நீங்கள் எழுதுவதுதான் சரி. காலிக் கட்டத்தைக் கண்டால் உங்களுக்குத் தூக்கம் வராதே! நிரப்பி, கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். அவசரமில்லை, யோசித்தே எழுதுங்கள்.

ஹால் டியூப்லைட் ரொம்ப நாளாகக் கண்ணடித்துக்கொண்டிருந்தது. நேற்று மாற்றிவிட்டேன்.

மாத்திரை

ஏப்ரல் 25

மாத்திரைக்கு,

படிவம் இத்துடன். மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அந்தக் கட்டத்தில் ஒன்று என்று எழுதியிருக்கிறேன். பத்து நாள் யோசித்தேன். மீட்டர் காட்டுவதைத்தான் எழுத வேண்டும், காட்டப்போவதை எழுதக் கூடாது என்று சொல்லித்தான் எங்களை வேலைக்கு அனுப்பினார்கள். இன்றைக்கு அந்த வீட்டில் இருப்பது ஒரு ஆள்தானே? திருத்த நினைத்தால் நீ அடித்து எழுதலாம். ஆனால் அடித்த இடத்தில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும், அதனால் எனக்கு மறுபடி அனுப்ப வேண்டியிருக்கும்.

இருமல் பரவாயில்லை.

ரீடிங்

மே 2

என்னங்க,

படிவம் வந்தது. உங்கள் ஒன்று எப்போதும் போல நேராக, அழகாக இருக்கிறது.

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அடித்து எழுதக் கை வரவில்லை. நான் அடித்து, தபாலில் போட்டு, நீங்கள் இன்னும் பத்து நாள் யோசித்து, அதற்கும் ஒரு விதியைச் சொல்லி... போதுங்க. வாங்க என்று நான் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வருகிறேன் என்று நீங்களும் சொல்லியிருக்கலாம். இந்த வயசில் ஒரு கட்டத்தை வைத்துக் கண்ணாமூச்சி ஆடினோம். எனக்கு அலுத்துவிட்டது.

பேனல் கம்பெனிப் பெண்ணிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "ஏன் மேடம், கணக்கு ஒத்து வரலையா?" என்றாள். "ஒருத்திக்குக் கட்டுபடியாகாதும்மா" என்றேன். தெரிந்த விஷயம்தான். வாயால் சொன்னது இன்றைக்குத்தான்.

உங்கள் நாற்காலியை மாடி அறைக்கு ஏற்றிவிட்டேன். இப்போது மணி ஆறரை. ஹால், இரண்டு அறை, வராந்தா, மாடிப்படி என்று எல்லா இடத்திலும் லைட் போட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, "வீட்டுக்கு யாராவது வந்திருக்காங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க, நான்தான்" என்றேன்.

இந்த மாதம் பில் கூடுதலாக வரும். நானே கட்டிக்கொள்கிறேன், இனி உங்களுக்கு அனுப்ப மாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை