வயிற்றுவலி விசாரித்தவர்

கீழே ஆஸ்பத்திரி வேன் விடாமல் ஹாரன் அடித்தது. மாடியில் வீட்டுச் சொந்தக்காரரின் செருப்புச் சத்தம் படிக்கட்டுப் பக்கம் நகர்ந்தது. நர்சம்மா பிரிட்ஜ் கதவிலேயே சீட்டை வைத்து அவசரமாகக் கிறுக்கினாள்.

“குட்டிம்மா, சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். ஸ்கூல் விட்டு வந்ததும் சூடு பண்ணிச் சாப்பிடு. பீரோவைக் கலைச்சுட்டேன்னு நேத்து உன்னைத் திட்டித் தீர்த்தேன். கலைச்சது நீ இல்லடி, கண்ணு. அம்மா மேல கோபம் வேண்டாம். வீட்டுக்காரர் தட்டினா திறக்காதே. வாடகைக்கு விட்டப்புறம் இது நம்ம வீடு. சொல்லாம கொள்ளாம உள்ள வர அவருக்கு உரிமை இல்லை.”

பேனா ஒரு கணம் நின்றது. நேற்று மாலை படியில் வழிமறித்து, “பொண்ணுக்கு வயித்துவலி தேவலையாம்மா?” என்று அவர் பல்லைக் காட்டியதை நினைத்தாள். அந்த வயிற்றுவலியை அவளோ மகளோ யாரிடமும் சொல்லவில்லை. நேற்றுக் காலை இதே பிரிட்ஜில் ஒட்டிய சீட்டில் மட்டும்தான் அது இருந்தது. அந்த மனுஷரிடம் இன்னொரு சாவி இருக்கிறது.

மீண்டும் ஹாரன். அடியில் மிச்சமிருந்த இடத்தில் பொடி எழுத்தில் நெருக்கி எழுதினாள்.

“வீட்டுக்காரரே, இவ்வளவு தூரம் படிச்சிட்டீங்களா? குட்டிம்மா விடியறதுக்கு முன்னாடியே சித்தி வீட்டுக்குப் போயாச்சு. இந்தச் சீட்டே உங்களுக்குத்தான். நிமிர்ந்து பாருங்க. பிரிட்ஜுக்கு மேல கேமரா இருக்கு. அந்தப் பக்கம் என் தம்பியும் வக்கீலும் உங்களைத்தான் பார்த்துக்கிட்டிருக்காங்க.”