கிழக்கு மதில்

நவம்பர் 8, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். கிழக்கேயிருந்து கொண்டல் காற்று. ஆபீஸ் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஒரே இரைச்சல். டிரேசிங் தாள்கள் நமத்துப்போன அப்பளம் மாதிரி நெளிகின்றன. மை ஊறிப் பரவுகிறது.

இந்த வாரத்துக்குள் முடிக்க வேண்டியவை: அரங்கத்தின் கடைசி வரைபடம். படிவரிசையின் வெட்டுத்தோற்றம். ஒப்பனை அறை, கக்கூஸ் (யாருமே நினைத்துப் பார்க்காத சங்கதி). அட்டை மாடலுக்கு வர்ணம்.

அடுத்த திங்கள் கமிட்டி. துறைமுகப் புதுநகருக்கு ஒரே அரங்கம். பகலில் கால்பந்து, கபடி, கூடைப்பந்து. ராத்திரியில் நாடகம், வில்லுப்பாட்டு, கல்யாண வரவேற்பு, மாநாடு. எல்லாம் ஒரே இடத்தில் நடக்க வேண்டும், செலவு மட்டும் ஒன்றுக்குத்தான். வரைந்தது நான். கையெழுத்துப் போடப்போகிறவர் எங்கள் நிர்வாகப் பொறியாளர் கோமதிநாயகம் சார். இனி கோ.நா. என்றே எழுதுகிறேன், கை வலிக்கிறது.

மேற்கே ஜனங்கள் உட்காரும் படிகள். நடுவே மைதானம். கிழக்கே மேடை, மேடைக்குப் பின்னால் முப்பதடி மதில், அதற்கப்பால் கடல். சாயங்கால வெயில் ஜனங்களின் முதுகில் விழும், கண்ணில் குத்தாது. கடற்காற்றும் மணலும் உள்ளே வராது. கோ.நா. பார்த்துவிட்டு, "இது மதில்வே! மத்ததெல்லாம் சும்மா" என்றார். இரண்டு நாள் அந்தச் சந்தோஷத்திலேயே திரிந்தேன்.

அண்ணன் தோணி இன்னும் வரவில்லை.

நவம்பர் 9, செவ்வாய்

மழை இல்லை. காற்று மட்டும். உட்கார முடியவில்லை. பென்சில் சீவினேன். சீவிய பென்சிலையே மறுபடி சீவினேன். பியூன் இரண்டு தடவை டீ வேண்டுமா என்று கேட்டுவிட்டான். அவ்வளவு பரிதாபமாகவா தெரிகிறேன்?

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு பழைய துறைமுகம் போனேன். கொழும்புக்கு வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிப்போன தோணிகளில் அண்ணனுடையது மட்டும்தான் பாக்கி. கூடப் போனவை திரும்பிவிட்டன, சரக்கு இறக்கிக் கழுவியும் விட்டார்கள். கொழும்பு ஏஜெண்டுக்குத் தந்தி அடித்ததாகத் தோணி முதலாளியின் கணக்கப்பிள்ளை சொன்னார். பதில் இல்லை.

"வாடைக்குப் பயந்து எங்கனயாவது ஒதுங்கிக் கெடக்கும் தம்பி. சூசை தண்டல் என்ன இன்னைக்கு நேத்தா ஓட்டுதாரு?"

எனக்கும் தெரியும். அண்ணன் சூசை தோணித் தலைவனாகி, அதாவது தண்டலாகி, வருஷம் பல ஆச்சு.

ஆபீசுக்குத் திரும்பி, கக்கூஸ் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று ஒரு மணி நேரம் யோசித்தேன்.

நவம்பர் 10, புதன்

கரப்பான் பூச்சி மாடலைத் தின்றிருக்கிறது. மைதாப் பசைக்காக வந்திருக்கும். படிவரிசையில் ஒரு மூலையே இல்லை. ஆபீசில் வைத்தால் மிச்சமும் போகும் என்று கேரியரில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நான் இருப்பது அண்ணன் வீட்டில்தான். அவன் கடலில் இருக்கும் நாட்களில் மதினியும் நானும் மட்டும்.

குசினி மேசையில் வைத்து ஒட்டிக்கொண்டிருந்தேன். மதினி மீனைக் கழுவிவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தார்கள். ரொம்ப நேரம் பார்த்தார்கள். பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.

"ஆளுக எங்கன இருப்பாவ?"

படிகளைக் காட்டினேன்.

"அங்கன இருந்தா கடல் தெரியுமா?"

"தெரியாது மதினி. மதில் மறைச்சிரும். காத்துக்காக."

 பிறகு சாதாரணமாகத்தான் சொன்னார்கள்: "அப்ப அவுக ஊர்ல இருக்கும்போது மட்டும் நான் வாரேன் தம்பி."

மீன் சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் பசை காயும்வரை அந்த மதிலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுதி வைக்கிறேன், வேறு எங்கே சொல்ல? அந்த மதிலை நான் காற்றுக்காக மட்டும் வரையவில்லை. இந்தத் தெருவில் பெண்கள் பேசும்போது கண் பேசுகிறவரிடம் இருக்காது. சோறு போடும்போதும் வாசல் வழியாக ஒரு பார்வை போகும். சின்ன வயதிலிருந்து பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. நாடகம் நடக்கும் மூன்று மணி நேரமாவது இவர்கள் கடலை மறந்து உட்காரட்டும் என்று நினைத்தேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். அவர்கள் வரவே மாட்டார்கள் என்று தோன்றவில்லை. கடற்கரையில் பிறந்த எனக்கே தோன்றவில்லை!

நவம்பர் 11, வியாழன்

கோ.நா.விடம் போனேன். மதிலை எடுத்துவிட்டு மேடையைத் தெற்கு முனைக்குத் தள்ளலாம், கிழக்கு திறந்தே கிடக்கட்டும் என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அவர் எட்டயபுரம் பக்கம், கரிசல்காட்டு மனுஷர்.

"கடலப் பாக்கணும்னா கடக்கரைக்குப் போகட்டும்வே. அரங்கத்துக்கு எதுக்கு வாரான்?"

"ரெண்டையும் பாக்கணும் சார்."

"மேடைல பேசுதவன் வாயில மணல் விழும். சீன் படுதா கிழியும். பந்து ரோட்டுக்குப் போகும். கமிட்டிக்கு என்ன சொல்ல? ஆர்க்கிடெக்டோட மதினி சொன்னாகன்னா?"

மதினி பேச்சை நானேதான் உளறியிருந்தேன். அசடு. எழுந்து வந்துவிட்டேன். அவர் சொன்ன காரணம் ஒன்றுகூடத் தப்பில்லை. அதுதான் எரிச்சல்.

ஞாயிறு மாலை, அரங்கம் வரப்போகும் மைதானத்தில் துறைமுகத் தொழிலாளிகளுக்கும் உப்பளத்துப் பையன்களுக்கும் கால்பந்து. கோ.நா. தலைமை. நானும் வர வேண்டுமாம். நாற்காலி ஏற்பாடு என் பொறுப்பு. படித்த படிப்புக்கு இதுவும் வேண்டும்.

நவம்பர் 12, வெள்ளி

மழை. பவுண்டன் பேனா ஒழுகி சட்டைப் பை போச்சு.

கோ.நா. இல்லாத நேரம் பார்த்து, டிரேசிங்கில் மதிலை அரை பிளேடால் சுரண்டிப் பார்த்தேன். ஈரத் தாள், பொத்தல் விழுந்தது. அதன் மேல் தாள் ஒட்டி மதிலை மறுபடி வரைந்தேன். வெட்கக்கேடு.

டீக்கடையில் ஒருவர் இன்னொருவரிடம்: "வேம்பார்ப் பக்கம் கரையில பலகை ஒதுங்கிருக்காம்." "என்ன பலகை?" "யாரு கண்டா, ஏதோ பலகை." டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன். பலகை என்றால் பலகை. ஆயிரம் பலகை மிதக்கும். வீட்டில் சொல்லவில்லை.

மதினிக்கு அது முன்பே தெரிந்திருக்கிறது. சாயங்காலம் போனபோது வாசலில் கடலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்கள். நான் வந்ததைக் கவனிக்கவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. அவ்வளவுதான்.

நவம்பர் 13, சனி

ஒன்றும் இல்லை. நாற்காலி இருபது சொல்லியாகிவிட்டது. பழைய துறைமுகம் போனேன், வந்தேன். மறுபடி போனேன்.

நவம்பர் 14, ஞாயிறு

மழை விட்டு வானம் வெறித்திருந்தது. பளிச்சென்ற வெயில். காலையில் பூசை. பாதர் பிரசங்கம் என்ன சொன்னார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

மாலை மைதானம். மேற்கே கொட்டியிருந்த ஜல்லிக் குவியல்தான் இப்போதைக்குப் படிவரிசை. சனம் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. என் வரைபடத்தில் உள்ள அதே இடம், அதே திசை. மதில் மட்டும்தான் இல்லை. கீழே நாற்காலியில் கோ.நா., கழுத்தில் கதம்ப மாலை.

மதினியும் வந்திருந்தார்கள். நான் கூப்பிடவில்லை. பெண்கள் பக்கத்தில் கோடியில் நின்றார்கள்.

இரண்டாம் பாதி. உப்பளத்துப் பையன் ஒருவன் பந்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறான். அப்போது யாரோ, "ஏலே, பாயி!" என்றான். ஜல்லிக் குவியல் மொத்தமும் எழுந்தது. துறைமுகத்து அணியின் கோல்கீப்பர் திரும்பிவிட்டான். ரெஃபரி அமலிநகர்க் கடற்கரைக்காரர், விசில் வாயிலிருக்க அவரும் திரும்பிவிட்டார். நானும்தான். தூரத்துக் கடலில் ஒரு தோணியின் பாய், வெயில் பட்டு மஞ்சளாக.

திரும்பிப் பார்த்தால் பந்து கோலுக்குள் கிடக்கிறது.

அப்புறம் ரகளை. உப்பளத்தார் கோல் என்கிறார்கள். பந்து அவுட்டில் போய்த்தான் உள்ளே உருண்டு வந்தது என்கிறான் கோல்கீப்பர். ரெஃபரி பார்க்கவில்லை. ஒருவருமே பார்க்கவில்லை. கடைசியில் எல்லோரும் கோ.நா. முன்னால் வந்து நின்றார்கள். அவர் மாலையோடு எழுந்து, "கோல்தான். நான் ஒருத்தன்தான்வே பாத்துக்கிட்டு இருந்தேன்! நீங்கல்லாம் எங்கவே போயிருந்திய?" என்று கத்தினார். ஒரே சிரிப்பு. நான் சிரிக்கவில்லை, சைக்கிளில் ஏறியாகிவிட்டது. மதினி கேரியரில் உட்கார்ந்தது கூட முத்தையாபுரம் ரோடு திரும்பிய பிறகுதான் உறைத்தது.

பழைய துறைமுகம். காத்திருந்தோம். பாய் நெருங்க நெருங்க மதினி முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

அண்ணன் தோணி இல்லை. வேறு முதலாளியுடையது. நங்கூரம் போடும் முன்பே நான் கரையிலிருந்து கத்தினேன். தோணியிலிருந்து பதில் வந்தது:

"சூசை தண்டலா? கொழும்புலதான் கெடக்காரு! பொறப்பட்டதும் பாய்மரம் ஒடிஞ்சு திரும்பிட்டாரு, வேற மரம் போடுதாவ. ஆளுகளுக்கு ஒண்ணுமில்ல!"

மதினி அங்கேயே, மீன் கூடைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் அழுதேன். யாராவது பார்த்திருந்தால் பார்க்கட்டும்.

நவம்பர் 15, திங்கள்

காற்று. வானம் மூட்டம்.

கமிட்டிக்கு ஒரு மணி நேரம் முன்னால் கோ.நா. கூப்பிட்டார். முதலில் அண்ணனைப் பற்றிக் கேட்டார். பிறகு வரைபடத்தை விரித்துவைத்து, சிவப்புப் பென்சிலால் கிழக்கு மதிலின் மேல் ஒரு குறுக்குக் கோடு இழுத்தார்.

"மதில் கட்டினா ஒருத்தனும் உள்ள வரமாட்டான். இல்லன்னா ஒருத்தனும் கோலப் பாக்கமாட்டான். வந்து உக்காரவாவது செய்யட்டும்வே."

மேடை தெற்கே. காற்றுக்கு என்ன செய்வது என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். சீனை இழுத்துக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்றார் கோ.நா., தானே கண்டுபிடித்த மாதிரி. திட்டம் பாஸ்.

வீட்டுக்கு வந்தால் மதினி குசினியில். மண்டையில் எண்ணெய், முகத்தில் மஞ்சள், ஒரு வாரத்தில் முதல் தடவை. கமிட்டிக்குக் கொண்டுபோய்த் திரும்பிய மாடலைப் பார்த்தார்கள். மதில் இருந்த இடத்தில் பசைத் தழும்பு.

"எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு மதினி."

குனிந்து, படிவரிசையில் ஓர் இடத்தில் விரலை வைத்து, அங்கிருந்து கிழக்கே பார்த்தார்கள். தலையை ஆட்டினார்கள்.

"காத்து இப்பிடி அடிக்குமே தம்பி, மனுசர் எப்பிடி உக்காந்து நாடகம் பாக்க?"